செவ்வாய்க்கிழமைகளில் நகர்ந்த பெட்டி

புதன்கிழமை காலை ஆறு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கு என் கைபேசி அடித்தது. பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஸ்டெல்லா அக்கா பேசினார்.

"ஹலோ, ஆரணி அப்பாவா? பஸ்ல இருந்து ஸ்டெல்லா பேசுதேன். பிள்ளைக்கு இன்னைக்கு லீவா சார்?"

"இல்லையே. ஆறரைக்கே வீட்டால வெளிக்கிட்டிட்டாள்."

"ஸ்டாப்புல ஆளைக் காணலியே. நாலு தடவ ஹாரன் அடிச்சாச்சு. பனி வேற மூடிக் கெடக்கு, எதிர்ல இருக்க கடையே தெரியல. டிரைவர் வண்டிய எடுக்கணும்ங்கான்."

அந்தக் காலையைப் பற்றி அன்று நான் எழுதிக் கொடுத்த அறிக்கை நான்கு வரிதான். மிச்சத்தை வருடங்கள் கழித்து இப்போதுதான் எழுதுகிறேன். நான் வேலையை விட்டு ஓய்வில் இருக்கிறேன். என் இடத்துக்கு வந்த இளம் பரிசோதகர்கள் இருவர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். நடைபாதைகளில் இப்போது பார்சல் பெட்டகங்கள் வரிசையாக முளைக்கின்றன. அவற்றை எப்படிப் பரிசோதிப்பது என்று பழைய ஆட்களிடம் குறிப்புக் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். "அண்ணை, நீங்கள் பேப்பர் பெட்டி பார்த்த காலத்துக் கதையைச் சொல்லுங்கோவன்" என்றார்கள். நான் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பேப்பர் பெட்டி என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. இடுப்பைவிடச் சற்று உயரமான இரும்புப் பெட்டி, முன்னால் கண்ணாடிக் கதவு. நாணயத்தைப் போட்டுக் கதவைத் திறந்து ஒரு பத்திரிகையை எடுக்கலாம். நடைபாதை பொதுச் சொத்து என்பதால் ஒவ்வொரு பெட்டிக்கும் அனுமதி வேண்டும். அனுமதித் தகடு முன்பக்கம் இருக்கவேண்டும், நான்கு போல்ட்டுகளால் தரையில் பூட்டியிருக்கவேண்டும், சக்கர நாற்காலி தாராளமாகப் போக வழி விட்டிருக்கவேண்டும். எல்லாவற்றையும்விட, பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோட்டிலிருந்து பத்து மீட்டருக்குள் பெட்டி எதுவும் நிற்கக்கூடாது. குறை கண்டால் மஞ்சள் ஸ்டிக்கர். திருத்தாவிட்டால் சிவப்பு. சிவப்புக்குப் பிறகு லொறி வந்து தூக்கிக்கொண்டு போகும். நகர நிர்வாகத்துக்காக ஒரு ஒப்பந்தக் கம்பெனி இந்த வேலையைச் செய்தது. நான் அந்தக் கம்பெனியின் ஆள். யாழ்ப்பாணத்தில் படித்த படவரைவு டிப்ளோமா, மஸ்கட்டில் சில வருடம், பிறகு ஷார்ஜா. பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

மஸ்கட்டில், ரூவியில், என் முதல் பெட்டி நினைவிருக்கிறது. பத்திரிகை நின்றுபோய்ப் பல மாதமான பெட்டி. அகற்றுமுன் உள்ளே இருப்பதைப் பட்டியலிட வேண்டும் என்பது விதி. திறந்தேன். ஒரு கண்ணாடிக் குவளையில் விளிம்புவரை தண்ணீர். வேறொன்றும் இல்லை. தூசி இல்லை, தண்ணீரில் ஒரு பூச்சிகூட இல்லை. "தண்ணீர், ஒரு குவளை" என்று எழுதினேன். மறுநாள் லொறியோடு போனபோது முதல் நாள் நானே ஊற்றி வெறுமையாக்கிய குவளை மறுபடி நிறைந்திருந்தது. அருகிலிருந்த கடைக்காரர்கள் யாருக்கும் தெரியவில்லை. இன்றுவரை எனக்கும் தெரியாது. வெறும் பெட்டி எதுவும் வெறுமையாக இருப்பதில்லை என்று அன்றே படித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பெட்டிக்குள் செருப்பு, மாத்திரை, வீட்டுச் சாவி, முகவரி எழுதாமல் ஒட்டிய கடிதம் எல்லாம் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு கதவையும் திறக்கும்போது ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அந்தப் பழக்கம் போகவேயில்லை.

ஷார்ஜாவில் எனக்கு மேலே இருந்தவர் எஞ்சினியர் ஹாத்திம். சூடான்காரர், நெடிய மனிதர், எந்த வெயிலிலும் வெள்ளைச் சட்டை கசங்காது. பிழை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அறிக்கையை வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எங்கே நின்று பார்த்தீர்கள்?" முதல் வாரம் ஒரு பெட்டிக்கு நான் சரி என்று எழுதியிருந்தேன். என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரித்தார், அதன்மேல் ஒரு முழங்காலை ஊன்றிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாருங்கள் ராஜன், நீங்களும் உட்காருங்கள். என்ன தெரிகிறது?"

உட்கார்ந்தேன். வருகிற கார்கள் ஒன்றும் தெரியவில்லை. இரும்புதான் தெரிந்தது.

"ஆறு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவுதான் தெரியும். காரில் வருகிறவனுக்கு அந்தப் பிள்ளையும் தெரியாது. நின்றுகொண்டு அளந்தால் அளவு கிடைக்கும். உட்கார்ந்து பார்த்தால்தான் பெட்டி தெரியும்."

ஒவ்வொரு முறையும் டேப்பைப் பிடித்து அளக்க வேண்டும், போன முறை எழுதியதைப் பார்த்து எழுதக்கூடாது என்பது அவருடைய இன்னொரு கட்டளை. பிறகு எங்களுக்கு டேப்லெட் வந்தது. அதில் ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் "மாற்றமில்லை" என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் போன வாரத்து அளவு, இந்த வாரத்துத் தேதியோடு போய்விடும். ஹாத்திம் அந்தப் பொத்தானை எடுத்துவிடச் சொல்லி எழுதினார். அதற்கு யாரும் பதில் எழுதவில்லை.

முவைலாவில் எங்கள் வீட்டுக்கு அருகே, மலையாளி பஷீர்க்காவின் கஃபெட்டீரியாவுக்கு முன்னால் ஒரு பெட்டி இருந்தது. அதன் பத்திரிகை நின்றுவிட்டது. நானே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். ஓகஸ்ட் கடைசியில் ஆட்கள் வந்து நான்கு போல்ட்டையும் அறுத்தார்கள். அறுத்து முடித்த பிறகுதான் லொறியில் இடமில்லை என்று தெரிந்தது. பெட்டியை அங்கேயே நிறுத்திவிட்டுப் போனார்கள். அதைத் தரையோடு பிடித்திருந்தது இப்போது அதன் பாரம் மட்டுமே.

அதே வாரம் பள்ளிக்கூடம் தொடங்கியது. என் மகள் ஆரணிக்குப் பதினொரு வயது. மனைவி ஆஸ்பத்திரியில் தாதி, காலை டியூட்டிக்கு இருட்டோடு போய்விடுவாள். நானும் ஆறு மணிக்கு எங்கள் கம்பெனி யார்டில் இருக்கவேண்டும். பிள்ளை தனியாகக் கதவைப் பூட்டி, வீட்டுத் தொலைபேசியிலிருந்து எனக்கு ஒரு அடி மட்டும், ஒரே மணிச்சத்தம், அடித்து வைத்துவிட்டு வெளியே வருவாள். அந்த ஒற்றை அடி வரும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடாது. பள்ளி பஸ் அந்தப் பெட்டிக்கு எதிர்ப்பக்கம் நிற்கும். ஸ்டெல்லா அக்கா இறங்கி வந்து கைபிடித்துக் கூட்டிப் போவார். முதல் நாள் நானே அவளுக்கு இடம் காட்டினேன்.

"ரோட்டுக் கரையில நிக்கக்கூடாது, விளங்கிச்சோ? இந்தப் பெட்டிக்குப் பின்னால நில். கார் ஏறி வந்தாலும் பெட்டியிலதான் முட்டும்."

அன்று பெட்டி கோட்டிலிருந்து பன்னிரண்டு மீட்டர் நாற்பதில் நின்றது. எண் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வழக்கமான பரிசோதனை. பதினொன்று பத்து. டேப்பைத் தப்பாகப் பிடித்தேன் என்று நினைத்து மறுபடி அளந்தேன். பதினொன்று பத்துதான். அறுத்த போல்ட்டுகளின் அடிகள் பழைய இடத்தில் நான்கு பற்களைப் போலத் தரையில் நின்றன. இழுத்த அடையாளம் எங்கும் இல்லை. அத்தனை பாரமான இரும்பை இழுத்தால் நடைபாதைக் கல்லில் கோடு விழாதா? கண்ணாடியில் மட்டும் உள்ளங்கைகள் பதிந்திருந்தன. பல கைகள். உள்ளே ஒன்றும் இல்லை.

பஷீர்க்காவிடம் கேட்டேன். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

"நான் ஒண்ணும் கண்டில்ல சாரே. அதுக்கும் ஸ்கூல் திறந்நு. அட்மிஷன் கிட்டியிருக்கும். ரோட்டைக் குறுக்க கடக்கான் போகுது."

எங்கள் பிக்கப் ஓட்டிய இக்பால் பெஷாவர்காரன். அவன் சிரிக்கவில்லை. வண்டியிலிருந்து இறங்காமலே இந்தியில் சொன்னான்: "பாய்சாப், பூட்டு அறுத்த பொருளைத் தெருவில் விடக்கூடாது. எது வேண்டுமானாலும் குடி வரும்."

"நீ வந்து ஒரு கை பிடி. பழைய இடத்திலேயே வைச்சிட்டுப் போவம்."

"நஹீ பாய்சாப். சம்பளத்தைப் பிடித்தாலும் அதைத் தொடமாட்டேன்."

அடுத்த செவ்வாய், பத்து மீட்டர் ஐந்து சென்டிமீட்டர். விதிப்படி இன்னும் குற்றமில்லை. ஒரு விரல்நீளம் மிச்சம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வாரமும் ஒரே திசை, கிட்டத்தட்ட ஒரே தூரம். போக்கிரிப் பொடியன்கள் தள்ளுவதாக இருந்தால் ஒருநாள் இங்கே, ஒருநாள் அங்கே கிடக்கும். இது அளந்து வைத்தது போல வந்துகொண்டிருந்தது, என் பிள்ளை ரோட்டைக் கடக்கும் இடத்தை நோக்கி. லொறி கேட்டு எழுதினேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள். இரண்டாம் முறையும் எழுதினேன்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை பெட்டிக்கு நேரே வண்டியை நிறுத்தினோம். நான் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கவுமில்லை. பெட்டியின் கண்ணாடியில் எங்கள் வண்டியும் அதற்குள் என் முகமும் தெரிந்தன. அந்த முகம் எனக்குப் பிடிக்கவில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. படித்தவன், தேவாலயத்தில் வாசகம் வாசிக்கிறவன், பட்டப்பகல் பத்து மணிக்கு ஒரு பேப்பர் பெட்டிக்குப் பயந்தேன். டேப்லெட்டில் "மாற்றமில்லை" என்ற பொத்தானை அழுத்தினேன்.

"யல்லா இக்பால், போவம்."

அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரங்களிலும். பெட்டி நகர்ந்திருக்கிறது என்பது வண்டிக்குள்ளிருந்தே தெரிந்தது. எவ்வளவு என்று தெரியாமலிருக்க நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வீட்டில், "அந்தப் பெட்டியைத் தொடாதை" என்று மட்டும் ஆரணிக்குச் சொன்னேன். அதற்குப் பின்னால் நிற்காதே என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கடைசியாகப் பொத்தானை அழுத்தியது, நான் சொன்ன அந்தப் புதன்கிழமைக்கு முதல் நாள்.

ஸ்டெல்லா அக்காவின் குரல் நின்றதும் இக்பாலைக் கூப்பிட்டேன். வீட்டிலிருந்து அந்த ஒற்றை அடி ஆறு முப்பத்தொன்றுக்கு வந்திருந்தது. அப்படியானால் பிள்ளை வீட்டில் இல்லை. மனைவிக்கு அடித்தேன், டியூட்டி நேரத்தில் அவள் தொலைபேசி லொக்கரில் இருக்கும் என்று தெரிந்தும் அடித்தேன். போலீசுக்கு அடித்தேன். பெயர், வயது, சீருடையின் நிறம் கேட்டார்கள். அங்கேயே போய் நில்லுங்கள், பனியில் எல்லா இடத்திலும் விபத்து, வண்டி வரும் என்றார்கள்.

ஒக்டோபரில் இப்படியும் பனி வருமா என்று இருந்தது. முன்னால் போன காரின் சிவப்பு விளக்கு மட்டும் காற்றில் மிதந்தது. இக்பால் வாய்க்குள் ஓதிக்கொண்டே ஓட்டினான். ஏழு இருபதுக்கு முவைலா வந்து சேர்ந்தோம்.

இறங்கியதும் முதலில் மூக்கில் பட்டது தீய்ந்த பால். பஷீர்க்காவின் கடை திறந்திருந்தது. விளக்கு எரிந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகிப் புகைந்தது. ஆள் இல்லை. கல்லாப் பெட்டிகூடத் திறந்தபடி. "பஷீர்க்கா!" என்று கத்தினேன். என் குரல் பனிக்குள் போனது, திரும்பி வரவில்லை. இக்பால் உள்ளே ஓடி அடுப்பை அணைத்தான்.

பெட்டி பழைய இடத்தில் இல்லை. நான் கடைசியாகக் கண்ட இடத்திலும் இல்லை. பனிக்குள் கையை நீட்டியபடி நடந்தேன். வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் அது நின்றது. அதன் தலையில் ஆரணியின் புத்தகப்பை. விழுந்து கிடக்கவில்லை. நிமிர்த்தி, வார்களை மடித்து, யாரோ ஒப்படைத்ததுபோல வைத்திருந்தது. நான் ஒட்டிய பெயர் லேபல் என்னைப் பார்த்தபடி இருந்தது.

கண்ணாடிக் கதவில் உள்ளே ஆவி படர்ந்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு திறந்தேன். நான்கு சாப்பாட்டு டப்பாக்கள். வரிசையாக. தொட்டேன், சுட்டது. தொழிலாளர் கேம்பில் இருக்கிறவன் சாப்பாட்டு டப்பாவை எங்கும் விட்டுவிட்டுப் போகமாட்டான். அதுதான் அவனுடைய ஒரு நாள். நான்கு பேரின் சோறு சூடாக இருந்தது. நான்கு பேரையும் காணவில்லை. கடைக்காரனைக் காணவில்லை. என் பிள்ளையைக் காணவில்லை. அந்தத் தெருவிலிருந்து ஆட்களை மட்டும் யாரோ எடுத்துக்கொண்டு போனது போலிருந்தது.

"பாய்சாப்" என்று இக்பால் ரோட்டிலிருந்து மெல்லக் கூப்பிட்டான். கோட்டின் மேல் ஒரு கறுப்புச் சப்பாத்து. சின்னது. அதைச் சுற்றி உடைந்த கார்க் கண்ணாடித் துண்டுகள்.

சப்பாத்தை எடுத்துக்கொண்டேன். அப்புறம் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஹாத்திமுக்கு அடித்தேன். முழுவதையும் உளறினேன். பெட்டி, பொத்தான், செவ்வாய்க்கிழமை எல்லாம்.

"ராஜன், போலீசுக்குச் சொல்லிவிட்டீர்களா?"

"சொல்லிவிட்டேன்."

"நல்லது. இப்போது உங்கள் கைகளுக்கு வேலை வேண்டும். டேப் இருக்கிறதா? அளந்து சொல்லுங்கள்."

பிள்ளையைக் காணாத தகப்பன் அளக்கிறானா என்று கேட்பீர்கள். அளந்தேன். இக்பால்தான் கோட்டின் ஓரத்தில் டேப்பின் நுனியைப் பிடித்தான். அன்றைக்குத்தான் அவன் அந்தப் பெட்டியின் அருகே வந்தான்.

"மூன்று மீட்டர்."

"சரி. உட்காருங்கள். உங்கள் மகளின் உயரத்துக்கு. என்ன தெரிகிறது?"

ஈரத் தரையில் முழங்காலை ஊன்றினேன். பெட்டிக்குப் பின்னால், நான் அவளை நிற்கச் சொன்ன இடத்தில்.

"இரும்பு தெரிகிறது."

"வருகிறேன்" என்று வைத்துவிட்டார்.

அவர் வருவதற்கு முன்பே, ஏழு மணி நாற்பதுக்கு, பனிக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள் தெரிந்தன. பஷீர்க்காவின் டெலிவரி வான். பக்கக் கதவு இழுபட்டது. செம்மஞ்சள் மேலுடுப்புப் போட்ட, நரைத்த மீசைக்காரர் ஒருவர் இறங்கினார். திரும்பி உள்ளே கையை நீட்டி ஆரணியைத் தூக்கி இறக்கினார். முழங்கையில் கட்டு. ஒரு காலில் சப்பாத்து, மறுகாலில் வெறும் காலுறை. நான் முழங்காலில்தான் இருந்தேன். அவளே வந்து என் தோளில் முகத்தை வைத்தாள்.

"பாப்பாவோட அப்பாவா சார்? ஒண்ணுமில்ல சார், முழங்கைத் தோலுதான். ஆஸ்பத்திரில எக்ஸ்ரே படம் புடிச்சுப் பாத்துட்டாங்க. என் பேரு சூசை. பனிக்குள்ள பிரேக்குச் சத்தம் கேட்டு, ஸ்கூல் பஸ்ஸுன்னு பாப்பா டக்குன்னு பெட்டிக்குப் பின்னால இருந்து எறங்கிருச்சு, பெட்டி மறைச்சதுல வந்த காரு தெரியல. நம்ம ரஹ்மான் பாய் பாய்ஞ்சு பாப்பாவத் தள்ளிட்டாரு. அவருக்குத்தான் கால் எலும்பு போச்சு, ஆஸ்பத்திரில வச்சிருக்காங்க. கார்க்காரரும் நம்ம பசங்க ரெண்டு பேரும் அவர்கூட இருக்காங்க. அம்மா நம்பர பாப்பா சொல்லிச்சு, அடிச்சோம், எடுக்கல. உங்க நம்பரு பதட்டத்துல அதுக்கு வாயில வரல."

வானிலிருந்து இறங்கிய பஷீர்க்கா என்னைப் பார்க்காமல் நேரே கடைக்குள் போனார். அடுப்புக்கு முன்னால் நின்று கொண்டார்.

நான் சப்பாத்தை அவள் காலில் போட்டேன். வாரை மாட்டினேன். அவள் ஆங்கிலத்தில், மிகவும் மெல்ல, தன் பக்கத்து நியாயத்தைச் சொன்னாள்: "அப்பா, பெட்டிக்குப் பின்னால்தான் நிற்கச் சொன்னீர்கள். அது எங்கே போனாலும் நான் பின்னால்தான் நின்றேன்."

சூசை அப்போதுதான் தரையில் நீண்டு கிடந்த டேப்பைக் கண்டார். என் மேலங்கியில் இருந்த எழுத்தைக் கண்டார். அவருடைய முகம் மாறியது. இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டார்.

"நீங்கதான் பெட்டி பாக்குற சாரா?"

"ஓம்."

"நாங்கதான் சார் நகத்துனோம். நாலு பேரும் சேந்து தூக்கித்தான் வைப்போம், இழுத்தா கல்லு கீறும்னு. கம்பெனி பஸ் வர்ற வரைக்கும் சாப்பாட்ட இதுக்குள்ளதான் வைப்போம். வெயில் பட்டா மத்தியானத்துக்குள்ள கெட்டுப்போவுது. அந்தா நிக்கிற வெளம்பரப் பலகை நெழலு வாரத்துக்கு நாலடி இந்தப் பக்கம் தள்ளிக்கிட்டே வந்துச்சு, கூடவே நாங்களும் வந்தோம். பஷீர் சேட்டன்கிட்டயும் காட்டிக்குடுக்காதீங்கன்னு கெஞ்சி வச்சிருந்தோம்." டேப்பை ஒருமுறை பார்த்தார். "ஆனா திருட்டுத்தனமா செய்யல சார். செவ்வாக்கெழம நீங்க வந்து பாத்துட்டுப் போன பொறவுதான், மக்யா நாளு, புதங்கெழம காலைல நகத்துவோம். மொதல்ல எறங்கி அளந்தீங்களாம், ஒண்ணும் சொல்லல. அப்பறம் எறங்கவே இல்லியாம். நேத்தும் வண்டி வந்து நின்னுட்டுப் போச்சுன்னு சேட்டன் சொன்னாரு. அப்ப சார் சரின்னுட்டாருன்னு நெனச்சுத்தான், இன்னைக்கு விடியக்காலைல தூக்கி இங்க வச்சோம்."